கேள்வி கேட்காத காப்புறுதி

1

இருபத்தாறு வருடங்கள் ரொறன்ரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தேன். வைத்தியச் செலவு கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் படித்து, கொடுக்கலாமா மறுக்கலாமா என்று தீர்மானிக்கிற பிரிவு. அதனால் கொழும்பில் தெரிந்தவர்கள் யார் ஓய்வு பெற்றாலும் என்னிடம் ஒரு கேள்வி வரும்: அரசாங்கத்தின் காப்புறுதி நல்லதா, தனியாருடையது நல்லதா?

சென்ற மாதமும் வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். வழமையாக நான் அன்றே பதில் போடுகிறவன். இந்த முறை மூன்று கிழமையாகியும் எழுத முடியவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அக்காவின் குரல் குறுக்கே வருகிறது. அவருக்கு எழுத வேண்டியதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

அக்காவின் பெயர் சரோஜினி. என்னைவிட மூன்று வயது மூத்தவர். கொழும்பில் ஒரு தபால் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அறுபது வயதில் தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்றார். கலியாணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் இருபத்து நான்கு வயதில் கனடா வந்துவிட்டேன். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அக்கா வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறை வீடு வாங்கிக்கொண்டு தனியே இருந்தார். ரெயில் போகும்போது அவருடைய யன்னல் கண்ணாடி அதிரும்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் நான் ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டு அனுப்பினேன். ஒன்றில் ஓய்வூதியக்காரருக்கான அரசாங்கக் காப்புறுதி. ஓய்வூதியத்தில் மாதாமாதம் சிறு தொகை கழிப்பார்கள். ஓய்வூதியக்காரர் என்றாலே போதும், சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பெரிய நோய் வருத்தம் ஒன்று வந்தால் கிடைப்பது காணாது. மற்றதில் தனியார் காப்புறுதி. தவணைப் பணம் கூட. ஆனால் தனி அறை, விரும்பிய வைத்தியர், ஆஸ்பத்திரிக் கணக்கை நிறுவனமே நேரே தீர்த்துவிடும். அதற்கு ஆறு பக்கப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். தனியார் நிரலின் அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, எனக்கு அரசாங்கத்தின்ரை போதும். அவங்கள் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

"கேக்காதவங்கள் குடுக்கவும் மாட்டாங்கள் அக்கா," என்று சிரித்தேன்.

படிவம் நிரப்பப் பஞ்சிப்படுகிறார், சோம்பல்தான் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்கப் படிவங்களோடு இருந்தவர் ஆறு பக்கத்துக்கு ஏன் பஞ்சிப்பட வேண்டும் என்று யோசிக்கவில்லை. "நான் வாசிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ, நான் நிரப்புறன்," என்றேன்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குக் காலை, அவருக்கு மாலை, தொலைபேசியில் அந்தப் படிவத்தை நிரப்பினோம். சலரோகம், சீனி வியாதி? இல்லை. இரத்த அழுத்தம்? கொஞ்சம், குளிசை போடுகிறார். ஆஸ்துமா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் கந்தோரில் பதில் சொல்வதுபோலச் சட்டென்று சொன்னார்.

"வயித்திலை ஏதும் சத்திரசிகிச்சை செய்தனீங்களோ?"

பதில் இல்லை.

"அக்கா?"

"ரெயின் போகுது தம்பி. கேக்கேல்லை."

"வயித்திலை ஏதும் ஒப்பரேசன்?"

"இல்லை எண்டு போடு."

போட்டேன். அடுத்தது பெண்களுக்கான பகுதி. கர்ப்பம், பிரசவம் பற்றி நாலு கேள்விகள். அதை நான் வாசிக்கவே இல்லை. மணமாகாத தமக்கையிடம் அதை எப்படிக் கேட்பது? நானே நாலுக்கும் 'இல்லை' என்று போட்டுக் கீழே அவரிடம் கையெழுத்து வாங்க அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

என் வேலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்திருந்தார்கள். தொலைபேசியில் விசாரிக்கும்போது, பதிலைவிட, பதிலுக்கு முன்னால் வருகிற இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெயர். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய மௌனத்தைக் கேட்டுக் குறித்து வைத்தவன் நான். அன்று ரெயில் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை.

4

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை அக்காவுக்குக் கடும் வயிற்று நோவும் சத்தியும், குடித்த தண்ணீரும் தங்கவில்லை. செலினக்காதான் ஓட்டோ பிடித்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். செலினக்கா அக்காவோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனையில் கோயிலடியில் வீடு. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட சிநேகிதம்.

குடல் எங்கோ ஒட்டி அடைத்திருக்கிறது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று வைத்தியர் சொன்னார். கொழும்பில் வெள்ளி மத்தியானம், எனக்கு நடுச்சாமம் கழிந்த நேரம், காப்புறுதி நிறுவனத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது. பொறுப்பேற்க முடியாதாம். நோயாளிக்கு முன்னர் பிரசவத்துக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, அதன் தழும்பு ஒட்டியதால் வந்த அடைப்பு இது, விண்ணப்பத்தில் அது மறைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

யாரோ ஒருத்தியின் கோப்பை மாற்றி வைத்துவிட்டு என் அக்காமீது இப்படி எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்துக்குள் மூன்று பக்கத்தில் மறுப்புக் கடிதம் எழுதினேன். இருபத்தாறு வருட அனுபவம் முழுவதும் அதில் இருந்தது. இது ஒரு கண்ணியமான பெண்ணின் மானத்தைக் கெடுக்கும் செயல், உடனே விசாரணை நடத்துங்கள் என்று கேட்டேன்.

பிறகு அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ. நான் இப்பவே கட்டுறன். ஆனா இவங்களை நான் விடமாட்டன். உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாங்கள் தெரியுமோ?"

"என்னவாம்?"

சொன்னேன். சொல்லிவிட்டு, "எங்கட அக்கா அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டு எழுதிப்போட்டன். விசாரிக்க வரச் சொல்லியிருக்கிறன்," என்றேன்.

"எழுதாதை தம்பி. விடு," என்றார்.

"ஏன் விட? நீங்கள் பேசாமல் படுங்கோ. நான் பாக்கிறன்."

"ஓம்," என்றார்.

அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல். அன்று பின்னேரம் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து, நாளைக் காலை விசாரணைக்கு ஆள் வரும் என்றிருக்கிறார்கள். அக்கா தாதியைக் கூப்பிட்டு, சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, செலினக்காவோடு அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். ஆனால் திரும்பவும் முதலில் இருந்து பதிவு, பரிசோதனை, படம், காத்திருப்பு. சனி காலை வயிற்றைத் திறந்தபோது குடலில் ஒரு பகுதி கறுத்திருந்தது. திங்கட்கிழமை போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தது செவ்வாய் மாலை. பொரளை கனத்தை மயானத்தில் தகனம். பிறகு ஓய்வூதியத்தை நிறுத்த அறிவிப்பதற்காக அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போனேன். நாற்பது வருடமாகப் பேசாத சிங்களத்தில், "மகே அக்கா மெருணா" என்றேன். அதிகாரி, ஒரு நடுத்தர வயதுப் பெண், பேனையை வைத்துவிட்டு மெதுவாகத் திருத்தினார்: "நெதிவுணா கியமு, மஹத்தயா." செத்தது என்பதுபோல நான் சொல்லியிருந்தேன், இல்லாமற்போனார் என்று சொல்வோம், ஐயா, என்றார். அந்தச் சொல்லுக்குத் தொலைந்துபோனார் என்றும் பொருள் உண்டு. அன்று அது எனக்கு ஒரு சொல் மட்டும்தான்.

5

திரும்பி வந்து ஒரு மாதத்தில் நானும் ஓய்வு பெற்றேன். காலையில் எழும்பி, குளிசை போட்டு, குளிர் நாட்களில் கடைத்தொகுதிக்குள் என்னைப் போன்ற மற்றக் கிழவர்களோடு நாலு சுற்று நடந்து, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மேசையில் அக்காவின் கோப்பு. அதுவே வேலையாகிவிட்டது. நிறுவனத்துக்கு நாலு கடிதம் எழுதினேன். ஆஸ்பத்திரிக் குறிப்பின் பிரதியை அனுப்பினார்கள். 'முன்னைய பிரசவ சத்திரசிகிச்சை, நோயாளி கூறியது' என்று வைத்தியர் எழுதியிருந்தார். வைத்தியருக்குத் தமிழ் விளங்கியிராது என்று அதற்கும் ஒரு பதில் எழுதினேன்.

மகள் அபிராமி ஒருநாள் வந்தபோது கோப்பைப் புரட்டினாள். அவளுக்குத் தன் அத்தையைத் தெரிந்தது மூன்று விடுமுறையிலும் சில வாழ்த்து அட்டைகளிலும்தான்.

"அப்பா, வட் இஃப் இட்ஸ் ட்ரூ?" என்றாள்.

"என்ன?"

"அத்தைக்கு பேபி இருந்தா? அப்ப எங்களுக்கு ஒரு கசின் இருக்கா?"

நான் கோப்பைப் பறித்து மூடினேன். "உனக்கு எங்கட ஆக்களைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகள் எங்களை விட்டுத் தூரப் போய்விட்டார்கள் என்று நாங்கள் இங்கே கூடும் இடமெல்லாம் கதைக்கிறோம். அன்று எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கிட்ட நின்றவள் அவள்தான்.

அன்றிலிருந்து, படிவம் நிரப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. பாத்திரம் கழுவும்போது, சந்தியில் பச்சை விளக்குக்கு நிற்கும்போது. "அக்கா?" என்று நான் கூப்பிடுவதும், பிறகு ஒன்றும் இல்லாததும். மனைவி மேலே இருந்து, "ஆரைக் கூப்பிடுறீங்கள்?" என்று கேட்டபோதுதான் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

6

ஆண்டுத் திவசத்துக்கு இந்த வருடம் கொழும்பு போனேன். திவசம் ஒரு காரணம். கோப்பும் கையில் இருந்தது. காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கிற அதிகாரியிடம் முறையிடத் தீர்மானித்திருந்தேன். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். அக்காவை நாற்பது வருடம் தெரிந்த ஒருவர், அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொண்டு போயிருந்தேன்.

திவசம் முடிந்த அடுத்தநாள் காலை கொட்டாஞ்சேனையில் செலினக்காவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். இரண்டாகவும் நாலாகவும் மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன், தம்பி."

"ஏன் செலினக்கா?"

"பொய்யிலை கையெழுத்து வைக்கிறேல்லை."

வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். செலினக்கா எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீர் கனடா போய் அடுத்த வருசம் சரோ மலைநாட்டுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கே?"

நினைவிருந்தது. அந்த வருடம் அவர் கடிதங்கள் சுருங்கிப்போயின. இங்கே குளிர், வேலை கூட, நீ கவனமாக இரு. அவ்வளவுதான்.

"ஏழு மாசம் அங்கை. என்ரை சித்தி ஒரு கன்னியாஸ்திரி, அவங்கட மடத்திலைதான் நிண்டது. பொம்பிளைப் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தது. பதினெட்டு நாள் வைச்சுப் பால் குடுத்தவ. அதுக்குப் பிறகு பிள்ளையில்லாத ஒரு தாய் தகப்பன், நல்ல சனம், கொண்டு போனவை."

"ஆர்?" என்று கேட்டேன். தகப்பன் யார் என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"அதை அவ சொல்லேல்லை, நான் கேக்கவுமில்லை. நீரும் கேக்கவேண்டாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன செய்திருப்பன்?"

செலினக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை உம்மட கோல் வரேக்கை ஸ்பீக்கரிலை போட்டிருந்தது. நானும் கேட்டனான். எங்கட அக்கா அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டு நீர் சொன்னீர். பின்னேரம் விசாரணைக்கு ஆள் வருமெண்டு தாதி சொன்னவுடனை, 'செலின், நாளைக்கு ஆள் வந்து தழும்பைப் பாத்து எழுதி அவனுக்கு அனுப்பப்போறாங்கள், அதுக்கு முன்னம் என்னை இங்கையிருந்து கொண்டு போ' எண்டு சொன்னவ. நான் எவ்வளவோ மறிச்சனான். கேக்கேல்லை."

"டொக்டருக்கு மட்டும் சொன்னவ?"

"டொக்டர் கேட்டவர், சொன்னவ. நோவு தாங்கேலாமல் கிடந்தவ, தம்பி."

மடித்த கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். காப்புறுதி நிறுவனம் எழுதியது முழுக்க உண்மை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன், எத்தனையோ பேருக்கு. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கேள்வி கேட்காத காப்புறுதி. என் இரண்டு நிரலில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை.

ஆகவே, கேட்டு எழுதிய ஆசிரியர் ஐயாவுக்கு: தொகையைப் பார்த்தால் தனியாருடையதுதான் கூட. அதில் மாற்றமில்லை. ஆனால் படிவத்தை நீங்களே தனியே இருந்து நிரப்புங்கள். தம்பியிடமோ மகனிடமோ கொடுக்காதீர்கள். உங்கள் மனைவியின் படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். உண்மையை எழுத முடியாத இடம் ஒன்று இருந்தால் அரசாங்கத்தினுடையதோடு நில்லுங்கள். ஏன் என்று உங்களை யாரும் கேட்க வேண்டியதில்லை.

7

அடுத்த கிழமை செலினக்காவும் நானும் அந்த மலைநாட்டு மடத்துக்கு ரெயினில் போனோம். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். செலினக்காவின் சித்தி எப்போதோ காலமாகிவிட்டார். இப்போதைய தலைமைக் கன்னியாஸ்திரி எங்களை நெடுநேரம் விசாரித்தார். அக்காவின் மரணச் சான்றிதழைப் பார்த்தார். பிறகு ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, அந்தப் பிள்ளை பெரியவளாகி இங்கே மூன்று முறை வந்தவள் என்றார். தாய் எப்போதாவது தேடி வந்தால் கொடுக்கச் சொல்லி ஓர் இலக்கம் எழுதி வைத்திருக்கிறாள். பெயர் ஜெயந்தி.

"அம்மா ஒருநாளும் வரேல்லையோ, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வரல்ல," என்றார்.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அழைத்தேன்.

"ஹலோ, யாருங்க?"

மலைநாட்டுத் தமிழ். ஆனால் அந்த 'ஹலோ'வில் சொல் முடிகிற இடத்தில் குரல் சற்றுக் கீழே இறங்கியது. அக்காவுக்கும் அப்படித்தான் இறங்கும். யார் பேசுகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மடத்தின் பெயரைச் சொன்னதும் அவள் பின்னால் பாடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தினாள்.

"அவங்க இருக்காங்களா?"

"இல்லை, பிள்ளை. போன வருசம் மோசம் போயிட்டா."

"நீங்க எங்கேருந்து பேசுறீங்க?" என்றாள். வெள்ளவத்தை என்றேன். தான் பன்னிரண்டு வருடமாகத் தெமட்டகொடையில் இருப்பதாகச் சொன்னாள். உடுப்புத் தைக்கிற இடமொன்றில் மேற்பார்வை வேலை. புருஷன், இரண்டு பிள்ளைகள். வெள்ளவத்தையில் இருந்து அரை மணித்தியால ஓட்டம்.

"ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றாள். "அவங்களுக்கு சீனி, ப்ரஷர் ஏதாச்சும் இருந்துச்சா? எனக்கு நாப்பது ஆச்சுங்க. கிளினிக்ல போனா குடும்பத்துல யாருக்கு என்ன வியாதினு கேக்குறாங்க. எனக்குத் தெரியாதுனு சொல்லிச் சொல்லி வெக்கமாப் போச்சு."

பேனை எடுக்கச் சொன்னேன். அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்கு இரத்த அழுத்தம், ஐம்பது வயதில் இருந்து. அம்மாவுக்குச் சலரோகம். அப்பாவுக்கு இருதயம். அம்மாவின் தங்கைக்கு மார்பில் புற்றுநோய், அதைக் கட்டாயம் எழுது என்றேன். எனக்குக் கொலஸ்ட்ரோல், கண்ணில் அமுக்கம். ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் எழுதினாள். ஒருவருக்கும் நான் அவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதில்லை. முடிந்ததும் முதலில் இருந்து வாசித்துக்காட்டி, "சரிங்களா?" என்றாள்.

"சரி."

"அவங்க என்னையப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எப்போதும் நினைத்துக்கொண்டே இருந்தார் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்.

"என்னட்டைச் சொல்லேல்லை, ஜெயந்தி," என்றேன். "சொல்லேலாத மாதிரி நான் கதைச்சுப்போட்டன்."

நான் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கொதித்து வழிகிற சத்தம் கேட்டது.

"இருங்க," என்றாள். "அடுப்ப அணைச்சிட்டு வந்திர்றேன். வச்சிராதீங்க."

நான் வைக்கவில்லை.